பன்னிரண்டாவது புள்ளி

வீடியோ எடிட் செய்கிறவனுக்குக் கண் கெடாமல் இருக்க ஒரு வழி உண்டு, ஐயா. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் உள்ள எதையாவது பார்க்க வேண்டும். பாலையூற்றில் என் மாடி அறை ஜன்னலால் உட்துறைமுகத்துத் தண்ணீர் ஒரு கோடு அளவுக்குத் தெரியும். கப்பல் நின்றால் கப்பலைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் தண்ணீரைப் பார்ப்பேன். நாற்பத்து நான்கு வயதாகிறது, இன்னும் கண்ணாடி போடவில்லை. இதை நீங்கள் எழுதத் தேவையில்லை. என்ன தொழில், எப்படிச் செய்கிறாய் என்று கேட்டீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெயர் சிவகுரு. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, எதுவானாலும் யதுர்சன் படம் பிடிப்பான், நான் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். யதுர்சன் கெட்டிக்காரன். அவனுடைய கமராவுக்குத்தான் ஒரு நோய். மூன்று வருடங்களுக்கு முன் நிலாவெளிப் பக்கம் ஒரு கலியாண விருந்தில் பாட்டுப் போட்டவர்கள் லேசர் வெளிச்சத்தைச் சுழற்றிச் சுழற்றி அடித்தார்கள். அது நேரே லென்சுக்குள் போய்விட்டது. கமராவுக்குள் ஒளியை வாங்குகிற தகடு ஒன்று இருக்கிறது, சென்சர் என்போம். லேசர் பட்ட இடங்களெல்லாம் அதில் கருகிப் போயின. அன்றிலிருந்து அந்தக் கமராவால் எதைப் பிடித்தாலும் பதினோரு சிவப்புப் புள்ளிகள் வரும். கடலைப் பிடித்தால் கடலில், சாமியைப் பிடித்தால் சாமியில், அதே இடங்களில் அதே பதினொன்று.

அவற்றை இல்லாமல் செய்வது என் வேலை. புள்ளியைச் சுற்றி இருக்கும் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அதன்மேல் போட்டு மூட வேண்டும். ஒரே பக்கத்தில் எடுத்தால் தழும்பு தெரியும், நாலு பக்கத்திலும் எடுக்க வேண்டும். எது புள்ளி, எது படத்தில் உள்ள பொருள் என்று பிரித்தறிய ஒரே விதிதான். மற்றதெல்லாம் அசையும், புள்ளி அசையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் என்று யதுர்சன் என்னைப் பகிடி பண்ணுவான். எனக்கு அது பிடிக்கும்.

நன்றாகச் செய்த வேலையை யாரும் பாராட்டுவதில்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. பதினான்கு வருடங்களில் என் வேலையைக் காட்டி 'பிழை' என்று ஒருவரும் சொன்னதில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

போன ஆவணியில் சல்லிக் கிராமத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை கிருஷாந்தன், சொந்த வள்ளத்தில் தொழில் செய்கிறவன். பெண் யசோதரா, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். இரண்டு வீட்டுக்கும் இடையில் நான்கு வேலிகள்தான் இருக்கும். அம்மன் கோயில் மண்டபத்தில் தாலி கட்டினார்கள். கட்டி முடித்ததும் கிருஷாந்தன் மோதிர விரலால் குங்குமம் எடுத்து அவள் நெற்றியில் வைத்தான். எடுத்தது கூடிப்போய்க் கொஞ்சம் மூக்கிலும் கொட்டியது, எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு அடுத்த காட்சியில் இருவரும் மணவறையில் இருக்கிறார்கள். பெரியவர்கள் வந்து அறுகரிசி போடுகிறார்கள். புகை அசைகிறது, மாலை அசைகிறது, அவளுடைய நெற்றிச்சுட்டிகூட ஆடுகிறது. அவள் மட்டும் தலையைக் குனிந்தபடி ஆடாமல் இருக்கிறாள். எடிட் மேசையில் இருந்த எனக்கு, பன்னிரண்டாவதாக ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பழுதான சென்சரில் புதிது புதிதாக முளைப்பது வழமை. கை தன்பாட்டில் மூடிவிட்டது.

அந்தக் காட்சியை நான் மெதுவாக ஓடவிட்டு, கடைசியில் அப்படியே நிறுத்தி, தங்க எழுத்தில் 'கிருஷாந்தன் – யசோதரா' என்று போட்டிருந்தேன். படம் அப்படித்தான் முடியும்.

ஐப்பசி தொடங்கி முதல் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் எல்லாரும் கூடியிருந்து பார்த்திருக்கிறார்கள். பலகாரம் சுட்டு, பெரிய தொலைக்காட்சி ஒன்றை வாடகைக்கு எடுத்து, முப்பது பேர். கடைசிப் படம் நின்றதும் மாப்பிள்ளையின் தாய் நல்லம்மாதான் முதலில் கண்டிருக்கிறார். அவர் தாலி அறுத்தவர், அவருடைய கண் அங்கேதான் போகும். புதுப் பெண், தாலி கட்டிய அன்று, வெறும் நெற்றியோடு, பெயருக்கு மேலே. அவர் தலையில் அடித்துக்கொண்டு குளறியதில் பெண்ணின் தாய் சிவபாக்கியம் மயங்கி விழுந்தாராம்.

மாலையில் யசோதராவின் மாமன்மார் இருவர் என் அறைக்கு ஏறி வந்தார்கள். ஒருவர் கதிரையோடு என்னைப் பிரட்டினார், மற்றவர் விழுந்த இடத்தில் உதைத்தார். "உயிரோட இருக்கிறவனுக்கோடா நீ கொள்ளி வைச்சனி?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தார். என் இடது கையை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்கள். மோதிர விரல் இன்னும் மடங்குவதில்லை, பாருங்கள். முன்பல் ஒன்று விசைப்பலகையில் விழுந்தது. ஒரு திரையைத் தூக்கி ஜன்னலால் எறிந்தார்கள், அது கீழ்வீட்டு முருங்கையில் பட்டு உடைந்தது. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர்கள் என் வேலையை நம்பியவர்கள். நான் காட்டியது நடந்துவிடும் என்று பயந்து அடித்தார்கள். அதைவிடப் பெரிய மரியாதை ஒரு எடிட்டருக்குக் கிடைக்காது.

அவர்களை இழுத்து எடுத்தவன் கிருஷாந்தன். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான். என்னைத் தூக்கி நிமிர்த்தி, தன் சாரத்தின் நுனியால் என் வாயைத் துடைத்தான்.

"அண்ணை, பிழை எல்லாருக்கும் வாறதுதானே," என்றான். "பொட்டைத் திருப்பி வைச்சுத் தாங்கோ, விசயம் முடிஞ்சுது. படத்தில இல்லாட்டி என்ன, அவளின்ர நெத்தியில இருக்குத்தானே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல மனதோடுதான் சிரித்தான். ஆஸ்பத்திரிக்கும் அவனே ஏற்றிக்கொண்டு போனான், விரலுக்குக் கட்டுப் போடும் வரை வாங்கில் காத்திருந்தான். அங்கேயும் தாதி ஒருவரிடம், "அண்ணையில பிழையில்லை, கமராவிலதான் பிழை, ஒரு சின்னப் பிழை," என்று விளங்கப்படுத்தினான். நான் எண்ணிக்கொண்டு இருந்தேன். அன்று அந்தச் சொல்லை அவன் ஒன்பது தடவை சொன்னான்.

வீட்டுக்கு வந்து பத்து நாட்கள் படுத்திருந்தேன். விரல் வலியைவிட அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வெட்கமாக இருந்தது, ஐயா, மறைக்க என்ன இருக்கிறது. பதினான்கு வருடங்கள் ஒரு மனிதன் தண்ணீர் மாதிரித் தெரியாமல் இருந்து வேலை செய்கிறான். ஒரு மீன்பிடிகாரன் வந்து அவனுக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறான். யதுர்சன் வேறு சாப்பாடு கொண்டு வந்தபோது ஒரு கதை சொன்னான்: அவன் பிடித்த முதற் படம், நான் கை வைக்காதது, பொட்டோடு இருப்பது, அதை ஒரு மெமரிக் காட்டில் ஏற்றிக் கிருஷாந்தனிடம் கொடுத்துவிட்டானாம். தாய் மனம் ஆறட்டும் என்று. அதாவது, என்னுடையது பிழை என்பதற்குச் சாட்சி சல்லிக் கரையில் ஒருவனின் கையில் இருந்தது.

படுத்திருந்து நிதானமாக யோசித்தேன். ஒரு படத்தில் பெண்ணின் நெற்றியில் பொட்டு இல்லை, ஊரில் அவளுக்குப் பொட்டு இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் ஒன்றைத் திருத்த வேண்டும். படத்தைத் திருத்துவது என்றால் அவன் சொன்ன சொல்லை ஒத்துக்கொள்வது. மிச்சம் இருந்தது மற்றது, அவளுடைய நெற்றி.

சூரன் போர் அன்று போனேன். மூன்று மணி இருக்கும். வாடைக்காற்றில் கடல் பொங்குகிற காலம் என்றபடியால் வள்ளமெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. சனம் முழுக்கக் கோயிலடியில். கிருஷாந்தன் மட்டும் கரையோரக் குடிசையான தன் வாடிக்குள் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு முழம்தான், முடித்துக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகப்போவதாகச் சொன்னான். யசோதரா ஆறு நாளும் விரதம், அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றான். என் கையைப் பார்த்துக் கவலைப்பட்டான். அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தான்.

அந்த மெமரிக் காட்டைக் கேட்டேன். திருத்துவதற்கு வேண்டும் என்று சொன்னேன். உடனே பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தான்.

"நல்ல வேலை செய்தியள் அண்ணை. அம்மா பாவம், அந்தப் படம் பாத்த நாளிலயிருந்து சாப்பிடுறா இல்லை. பிழையைத் திருத்தினாச் சரி," என்றான்.

உங்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரும். காட்டு கைக்கு வந்துவிட்டது, அப்படியே திரும்பி வந்திருக்கலாமே என்று. வந்திருக்கலாம். வாசல்வரைக்கும் வந்தேன். வாசலில் பெரிய மீனைச் சாகடிக்கிற கொட்டன் சாத்தி இருந்தது. புளிய மரம், கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது. அதை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவன் எனக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து கோப்பைக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் அடி காதுக்குப் பின்னால் பட்டது. அவன் விழவில்லை. திரும்பி "அண்ணை?" என்றான், கேள்வி கேட்கிற மாதிரி. ஏதோ தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பான், பிழை எல்லாருக்கும் வரும் என்கிற ஆள்தானே. இரண்டாவது நெற்றியில். நெற்றி என்று நான் குறி பார்க்கவில்லை, அவன் திரும்பியதால் அப்படி அமைந்தது. அதற்குப் பிறகு அவன் வலைக்குள் விழுந்து கால் சிக்கிக்கொண்டது. எழும்பப் பார்க்கப் பார்க்க இன்னும் சிக்கியது. எனக்கு ஒரு கைதான் முழுதாக வேலை செய்யும், அதனால் கொஞ்ச நேரம் எடுத்தது. நான்காவதுக்குப் பிறகு எண்ணவில்லை. அவனுடைய பல் சில என் செருப்பின் கீழ் நெரிந்தன. கோயில் ஒலிபெருக்கியில் அந்த நேரம் சூரனுக்கு இரண்டாவது தலை போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அசைவு நின்ற பிறகும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு இல்லை.

வலையால் மூடினேன். இரத்தம் வாசற் பக்கமாக ஓடியிருந்தது. அதன்மேல் மணல் போட வேண்டும். ஒரே இடத்தில் அள்ளினால் பள்ளம் தெரியும், நாலு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளித் தூவினேன். இரண்டு தரம் ஊறி மேலே வந்தது, மூன்றாந் தரம் நின்றது. எனக்கு ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பைகள் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கொட்டனைக் கடலில் எறிந்தேன். பஸ்ஸில் ஆட்கள் குறைவு, ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது.

இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். கரைவலைத் தகராறு என்று நீங்களும் நினைத்தீர்கள், ஊரும் நினைத்தது. யாரும் என்னிடம் வரவில்லை. கையில் கட்டோடு இருக்கிறவன்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

செத்த வீட்டுக்குப் போனேன். பந்தலின் பின்வரிசையில் இருந்தேன். நல்லம்மா பெட்டியில் தலையை மோதி மோதி நெற்றி வெடித்து இரத்தம் வந்தது, பிடிக்க ஏலவில்லை. அவர் பாவம் என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் போனது ஒரு நெற்றியைப் பார்க்க. பெண்கள் யசோதராவைச் சுற்றி நின்றதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லை, யதுர்சன் முன்னால் நின்று பிடிக்கிறான், கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்ப. அது என் மேசைக்குத்தானே வரும் என்று திரும்பிவிட்டேன்.

வந்தது. பதினோரு புள்ளியோடு மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிடம். அதில் ஒரு இடத்தில் சிவபாக்கியமும் இன்னும் இரண்டு பெண்களும் ஈரத் துணியோடு யசோதராவிடம் வருகிறார்கள். அவள் தாயின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சத்தம் போடவில்லை. ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன்.

"விடுங்கோ அம்மா. இது அவர் வைச்சது. எடுக்கிறதெண்டா அவர் வந்து எடுக்கட்டும்."

பெண்கள் கெஞ்சுகிறார்கள், ஏசுகிறார்கள், நல்லம்மாகூடச் சொல்லிப் பார்க்கிறார். அவள் விடவில்லை. பெட்டி வேலியைத் தாண்டிப் போகும்வரை அந்தப் பொட்டு அப்படியே இருக்கிறது. வியர்வையில் கொஞ்சம் கரைந்து மூக்குவரை ஒழுகி, ஆனால் இருக்கிறது.

ஐயா, நான் அன்று மேசையில் தலையை வைத்து அழுதேன். இவ்வளவும் செய்து ஒன்றும் திருத்தப்படவில்லை. அவன் செத்தும் அவன் சொன்னதுதான் நிற்கிறது.

அதனால் என்னால் ஏலுமானதைச் செய்தேன். மூன்று மணித்தியாலத்து நாற்பது நிமிடத்திலும் அவள் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் அந்தப் பொட்டை எடுத்தேன். அவள் அழுகிறாள், விழுகிறாள், பெட்டியைக் கட்டிப் பிடிக்கிறாள், நெற்றி ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி மூட வேண்டி இருந்தது. பத்தொன்பது நாட்கள் எடுத்தது. அந்தப் பேச்சையும் ஒப்பாரிச் சத்தத்தால் மூடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. கனடாவில் இருந்து பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை, எல்லாரும் அழுது செய்தி அனுப்பினார்கள்.

முப்பத்தோராம் நாள் வீட்டிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அன்று யாரும் குளறவில்லையாம். சபையில் பலருக்கு நிம்மதிகூட, ஊர் முறைப்படி இருக்கிறதே என்று. யசோதரா மட்டும் தனியே எழும்பி, கலியாணப் படத்தையும் செத்த வீட்டுப் படத்தையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தாள். அவள் சொன்னதை நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

"முதல் தரம் பிழை எண்டு அவர் சொன்னார், நானும் நம்பினன். ரெண்டாந்தரம் ஒருத்தர் இருந்து இருந்து அழிச்சிருக்கிறார். அது பிழையில்லை. அப்ப முதல் தரமும் என்னெண்டு அந்தப் படம் வெட்டினவரிட்டக் கேளுங்கோ."

படிப்பிக்கிற பிள்ளை, சரியான கேள்வி. நீங்கள் என் அலுமாரியைத் திறந்தீர்கள், கிருஷாந்தன் தந்த காட்டு இருந்தது. எரித்திருக்கலாம். முதற் படத்தை எந்த எடிட்டரும் எறிய மாட்டான், அது பழக்கம். இவ்வளவும்தான் நடந்தது. நான் எதையும் மறுக்கவில்லை.

இப்போது சார்ஜன்ட் வாசித்துக் காட்டியதும் ஏறக்குறையச் சரி. கொட்டன் சரி, நேரம் சரி, கோப்பை கழுவியது சரி. கொலை செய்தேன் என்று எழுதியிருக்கிறார், அதுவும் சரி. கடைசி வரியில்தான் 'நான் செய்தது பிழை என்று இப்போது உணர்கிறேன்' என்று போட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. 'குற்றத்தைத்தான் பிழை என்று எழுதினேன், இரண்டும் ஒன்றுதானே' என்கிறார் அவர். ஒன்றல்ல.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கும் சேர்த்துச் சொல்கிறேன், எழுதுங்கள். கலியாணப் படத்தை ஒப்படைப்பதற்கு முதல் நாள், தங்க எழுத்தில் பெயர் போடும்போது, நான் அந்த நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இல்லை என்பது தெரிந்தது. நான் அழித்தது புள்ளி அல்ல என்பதும் தெரிந்தது. திருத்த அரை மணித்தியாலம் போதும். ஜன்னலால் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தேன். திருத்தினால் அது பிழை என்று ஆகிவிடும், திருத்தாவிட்டால் அது என் வேலை. அப்படியே கொடுத்தேன். ஆகவே அது தெரிந்து செய்தது. அவன் ஒன்பது தடவையும் சொன்னது பொய்.

அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள், ஐயா. மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறேன்.